மூக்கைத் திறக்கும் மருந்தே மூக்கை அடைக்கும்போது

கரிசல்காட்டில் மூக்கு ஓய்ந்திருக்கும் மாதம் குறைவு. உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்துவிட்டால் ரோடெல்லாம் பொட்டுத் தூசி. ஆனி, ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் மேகாத்து, புஞ்சைப் புழுதியையும் சேர்த்து அள்ளி வரும். ஜின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி, தீப்பெட்டி ஆபீசில் கந்தக நெடி, ஊர் எல்லையெங்கும் ஒவ்வாமை தரும் சீமைக்கருவேல மகரந்தம். ராத்திரி மூக்கடைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர், மருந்துக்கடையில் ஒரு சின்னக் குப்பி வாங்குகிறார். பல கடைகளில் சீட்டுகூடக் கேட்பதில்லை. ஒவ்வொரு மூக்கிலும் ஒரு பீச்சு. சில நிமிடங்களில் மூச்சு தாராளமாக ஓடுகிறது. ஒரு வாரத்துக்குள் விட்டுவிட வேண்டிய அந்தக் குப்பியை வருஷக்கணக்கில் சட்டைப் பையில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மூக்கின் பக்கச் சுவர்களிலிருந்து இருபுறமும் மும்மூன்று எலும்பு மடிப்புகள் உள்நோக்கி நீண்டிருக்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் ரத்தம் தேங்கும் நுண்ணிய அறைகள் நிறைய உண்டு. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசியைப் பிடித்து வைப்பது இந்த மடிப்புகளின் வேலை. தண்ணீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும் நம் கரிசல் மண்ணைப் போல, ரத்தம் நிறைந்தால் இவை வீங்கும், வடிந்தால் ஒடுங்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்க, மறுபக்கம் ஒடுங்குவது ஆரோக்கியமான மூக்கிலும் நடக்கிறது. சளியோ ஒவ்வாமையோ வந்தால் இரு பக்கமும் ஒருசேர வீங்கிவிடும். மூக்கடைப்பு பெரும்பாலும் இந்த வீக்கம்தான். எவ்வளவு சிந்தினாலும் போகாததற்குக் காரணமும் இதுவே.

ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிடித்திருக்க நம் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. குப்பியில் இருக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் போன்ற மருந்துகள் அந்த வேலையைத் தாங்களே செய்கின்றன. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை குழாய்கள் சுருங்கியிருக்கும். சில நாள் சளிக்கு இது நல்ல மருந்து. அதை நான் மறுக்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. வெளியிலிருந்து கட்டளை வந்துகொண்டே இருந்தால் நரம்பு தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது, குழாய்ச் சுவரும் அந்தக் கட்டளைக்கு மெல்ல மரத்துப்போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரிகின்றன. மூக்கு மறுபடி அடைக்கிறது. நோய் தீரவில்லை என்று நினைத்து மறுபடி பீச்சுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் தாங்கியது நான்காகிறது, பிறகு இரண்டாகிறது. முதலில் வந்த சளி எப்போதோ போய்விட்டிருக்கும். இப்போது மூக்கை அடைப்பது மருந்துதான். ஆக்ஸிமெட்டாசோலின் ஜெர்மனியில் உருவானது 1961-இல். இந்த நோய்க்கு ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா என்ற பெயர் அதற்கும் முன்னால், 1946-லேயே வந்துவிட்டது. பழைய சொட்டு மருந்துகளும் இதையே செய்தன.

தொடர்ந்து பயன்படுத்தினால் சவ்வு வறண்டு ரத்தம் கசியலாம். அரிதாக, நடுத்தண்டில் ஓட்டை விழுவதும் உண்டு. ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்தம், தைராய்டு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இவ்வகை மருந்தை ஒன்றிரண்டு மில்லி குடித்துவிட்டாலே குழந்தைக்கு மயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-இல் எச்சரித்தது. அது ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை.

தூசியால் வரும் தீராத மூக்கடைப்புக்கு வேறு குப்பி இருக்கிறது. புளூட்டிகாசோன், மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் அழற்சியையே தணிப்பவை. மூக்கை இப்படி அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். ‘ஸ்டீராய்டு’ என்ற பேரைக் கேட்டு மிரள்பவர்களும், இரண்டாம் நாளே பலனில்லை என்று தூக்கி எறிபவர்களும் உடனே கேட்கும் பழைய குப்பிக்கே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

சிக்கிக்கொண்டவர்கள் மீள முடியும். மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கிவிட்டுப் பழையதை நிறுத்துவது ஒரு வழி. ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்தி, அது திறந்த பிறகு மறுமூக்கில் நிறுத்தலாம். கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக்கரைசல் துணைக்கு உதவும். முதல் சில ராத்திரிகள் கஷ்டமாகத்தான் இருக்கும். தலைமாட்டை உயர்த்திப் படுக்கலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சவ்வு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அப்போதும் ஒரே பக்கம் அடைத்தே இருந்தால் நடுத்தண்டு வளைவோ சதை வளர்ச்சியோ இருக்கக்கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.