பப்பாவின் மைதானம்

பாகிஸ்தானின் குவெட்டா நகரில், ஹஸாரா சமூகத்துக் கால்பந்து வீரர் பந்தைத் தொடும் முதல் மண்ணும், பூட்ஸைக் கழற்றிய பிறகு சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மண்ணும் பெரும்பாலும் ஒன்றுதான். நகரின் கிழக்கு விளிம்பில், கோஹ்-எ-முர்தார் மலையடியில் இருக்கிறது ஹஸாராக்கள் வாழும் மரியாபாத். வீடுகள் சரிவில் ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறிப்போகின்றன. பந்து உருள வாகான சமதரை அங்கே அரிது. அப்படிக் கிடைத்த ஒன்றின் பெயர் கய்யூம் பப்பா மைதானம்.

கய்யூம் சங்கேஸி 1950களில் பாகிஸ்தான் அணிக்கு ஆடியவர். அதன் தலைவராகவும் இருந்தவர். புதிதாகப் பிறந்த நாடு, 1950 அக்டோபரில் தெஹ்ரானில் ஈரானிடம் 5-1 என்று தோற்றுச் சர்வதேச ஆட்டத்தைத் தொடங்கியது. 1952 முதல் 1955 வரை இந்தியா, இலங்கை, பர்மாவுடன் கொழும்புக் கோப்பையில் மோதியது. கராச்சியின் லியாரியிலிருந்து பலூச் ஆட்டக்காரர்கள் திரண்டு வந்த அந்தக் காலத்தில், மக்கள்தொகையில் மிகச் சிறிய சமூகம் ஒன்றிலிருந்து ஓர் அணித்தலைவர் எழுந்தது பெரிய செய்தி. ஊர் அவரைத் தந்தை என்ற பொருளில் ‘பப்பா’ என்றே அழைத்தது. மைதானத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

ஹஸாரா சமூகம் குவெட்டாவுக்கு வந்த கதை துயரமானது. 1890களின் தொடக்கத்தில் ஆப்கானிய அமீர் அப்துர் ரஹ்மான் கான், ஹஸாராக்களின் தாயகமான ஹஸாராஜாத்தின் மீது படையெடுத்து நடத்திய கொலைகளுக்கும் நிலப்பறிப்புக்கும் தப்பியவர்கள் எல்லை கடந்தார்கள். 1904இல் பிரிட்டிஷார் அவர்களைக் கொண்டு 106ஆவது ஹஸாரா பயனியர்ஸ் படைப்பிரிவை அமைத்தார்கள். 1933இல் அது கலைக்கப்பட்டது. குவெட்டா பெரிய பாசறை நகரம். கால்பந்து அங்கே பாசறை வழியாக வந்தது.

பாகிஸ்தானில் கால்பந்து ஆடிப் பிழைக்க ஒரே வழி நெடுங்காலமாகத் துறை அணிகள்தான். ரயில்வே, மின்வாரியம், வங்கி, ராணுவம் ஆகியவை வீரருக்கு வேலை கொடுத்து ஆடவைத்தன. கால் ஓய்ந்த பிறகும் சம்பளம் வந்தது. அதனால்தான் மாலையில் காசு வாங்காமல் பயிற்சி கொடுக்க ஒருவரால் முடிந்தது. 2021இல் அரசு இந்த அணிகளை மூடச் சொன்னபோது வீரர்களின் பிழைப்போடு சேர்ந்து இந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. மறு ஆண்டே முடிவு திரும்பப் பெறப்பட்டது.

உள்ளூர் கிளப்பின் பயிற்சியாளர் என்பவர் பயிற்சி மட்டும் கொடுப்பவர் அல்லர். சந்தா வசூலிப்பது, பந்து வாங்குவது, மாவட்டச் சங்கத்தில் பதிவைப் புதுப்பிப்பது, மாகாணத் தேர்வுக்குப் பையன்களை அழைத்துப் போவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். பதிவு செய்த கிளப்புகளே சங்கத் தேர்தலின் அடித்தளம். ஆகவே காகிதத்தில் மட்டும் வாழும் கிளப்புகள் பெருகின; உண்மையாக ஆடும் கிளப்புகளின் குரல் அவற்றுக்கிடையே அமுங்கியது. தேர்தல் சண்டைகள் ஃபிஃபாவரை போய், 2017, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் பாகிஸ்தான் மும்முறை இடைநீக்கம் செய்யப்பட்டது. இடைநீக்கக் காலத்தில் ஃபிஃபாவின், ஆசியக் கூட்டமைப்பின் வளர்ச்சித் திட்டங்களும் பயிற்சி வகுப்புகளும் கிடைக்காது. மேலே நடந்த சண்டைக்கு விலை கொடுத்தவர் கீழே விசிலோடு நின்றவர். உரிமம் பெற்று மேலே ஏறும் படிகள் அவருக்கு எட்டாமல் போயின.

ஹஸாரா பயிற்சியாளருக்கு இதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு: அவர் சமூகத்தைக் குறிவைத்த தாக்குதல்கள். 2013 ஜனவரி 10 அன்று குவெட்டாவின் அலம்தார் சாலையில் ஸ்னூக்கர் கிளப்பில் குண்டுகள் வெடித்தன. பிப்ரவரி 16 அன்று, ஹஸாராக்கள் வாழும் மற்றொரு பகுதியான ஹஸாரா டவுன் அருகே, சந்தையில் மற்றொரு குண்டுவெடிப்பு. ஒவ்வொன்றிலும் எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2012க்கும் 2017க்கும் இடையில் குவெட்டாவில் 509 ஹஸாராக்கள் கொல்லப்பட்டதாகத் தேசிய மனித உரிமை ஆணையம் கணக்கிட்டது. மரியாபாத்தும் ஹஸாரா டவுனும் சோதனைச் சாவடிகளுக்குள் அடைபட்டன. வேறு பேட்டையில் ஆட்டம் என்றால் பதினைந்து பையன்களை வேனில் ஏற்றிப் போவதே ஆபத்தானது. ஆட்டங்கள் குறைந்தால் தேர்வாளர் கண்ணில் பட வழியில்லை. முகத்தோற்றமே அடையாளமாக இருப்பதால் வெளியூர் வேலைக்கும் துணிந்து போக முடியவில்லை.

ஆகவே பலர் நாட்டையே விட்டுப் போனார்கள். ஹாக்கியில் பாகிஸ்தானுக்கும் கால்பந்தில் உள்ளூர் அணிக்கும் ஆடிய ஷாஹிதா ரஸா, 2023 பிப்ரவரி 26 அன்று இத்தாலியின் கூத்ரோ கடற்கரை அருகே உடைந்த அகதிப் படகில் இறந்தார். இன்னும் பலர் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். மெல்போர்னின் டாண்டெனோங் வட்டாரத்தில் இன்று பெரிய ஹஸாரா குடியிருப்பு இருக்கிறது. வளர்த்தெடுத்த ஆட்டக்காரன் பதினெட்டு வயதில் கடல் கடந்து போனால், மரியாபாத்தின் பயிற்சியாளர் அடுத்த பத்து வயதுப் பையனிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

(தொடரும்)