நரம்பு அறுந்தால் மறுபடி வளருமா?

கவ்வாத்துக் கத்தி மணிக்கட்டில் பட்டு, புண் ஆறிய பிறகும் விரல் மரத்தே கிடக்கிறது என்று வருகிறவர்களை நாங்கள் காண்கிறோம். "நரம்பு அறுந்து போச்சுங்க, இனி அவ்வளவுதானே?" என்கிறார்கள். அப்படியில்லை. கை கால் நரம்பு மறுபடி வளரும். ஆனால் அதற்குப் பாதை வேண்டும்.

நம்ம பக்கம் இரத்தக் குழாயையும், தசையை எலும்போடு கட்டும் நாரையும்கூட நரம்பு என்றே சொல்கிறோம். இங்கே சொல்வது மூளைக்கும் கைக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் நரம்பை. அது கரண்ட் வயர் மாதிரி. உள்ளே மெல்லிய இழைகள்; பல இழைகளுக்கு மேலே மயலின் என்ற கொழுப்பு உறை. உறை இருந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். ஷுவான் கலங்கள் என்பவை இழையைச் சுற்றிச் சுற்றி இதைப் போடுகின்றன.

இந்தக் கலங்களுக்கு வெளிப்புறமாக லமினின், கொலாஜன் முதலிய புரதங்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் கலம் ஒழுங்காக உறை சுற்றும். பிறவியிலேயே ஒருவகை லமினின் இல்லாத பிள்ளைகளுக்குத் தசை பலவீனத்தோடு நரம்பு உறையும் கெட்டிருக்கும். 1987இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலியின் கலங்களைப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தபோது, விற்றமின் சி சேர்த்த பிறகுதான் படலமும் உறையும் சரியாக உருவாயின. அதற்காகக் கொய்யாப்பழம் தின்றால் அறுந்த நரம்பு ஒட்டிவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்!

நரம்பு அறுந்தால், வெட்டுக்குக் கீழே உள்ள இழை சில நாளில் சிதைந்துவிடும். 1850இல் ஒகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்பில் இதைக் கண்டார். இழை போனாலும் படலம் குழாயாக நிற்கும், தண்ணீர் நின்ற பீலிக்குழாய் கிடக்கிற மாதிரி. ஷுவான் கலங்கள் அதற்குள் வரிசை கட்டி மேலும் லமினினைச் சுரக்கும். மேலிருந்து வரும் புது இழை அதைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து இறங்கும். பிறகு புது உறை சுற்றப்படும்.

வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 18 சென்ரிமீற்றர் என்றால் ஆறு மாதம் ஆகும்.

நரம்பு நசுங்கியிருந்தால் குழாய் அறுவதில்லை, பெரும்பாலும் தானே தேறும். வெட்டுப்பட்டால் இரண்டு முனையும் விலகிவிடும். புது இழை வழி தெரியாமல் சுருண்டு, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் முடிச்சாகலாம். ஆகவேதான் டொக்டர் முனைகளைச் சேர்த்துத் தைக்கிறார். அதை நாள் கடத்தாமல் செய்ய வேண்டும். வெகுகாலம் நரம்பு வராத தசை சூம்பிவிடும். பிறகு நரம்பு வந்தும் பலன் குறைவு.

மேலே தோலைத் தைத்தாயிற்று என்பதால் உள்ளே நரம்பும் தைத்தாயிற்று என்று அர்த்தமில்லை. விரல் மரத்திருந்தாலோ மடங்காவிட்டாலோ டிஸ்பென்சரியில் அன்றைக்கே சொல்லுங்கள், பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். உணர்ச்சி திரும்பும்வரை அந்தக் கைக்குச் சூடு தெரியாது. அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.