கல்லும் ஊரும் – 7: இளையரும் இளங்கௌதமனும்

சென்ற வாரம் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டின் முன் நின்றோம். அங்கிருந்து அன்னவாசல் வந்து, புதுக்கோட்டைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சித்தன்னவாசல் குன்று.

வருகிறவர்களில் பலர் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதலில் மேலே ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு ஏறுங்கள் என்பேன். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் வந்த பெயர். உள்ளே சமணத் துறவிகளுக்கான 17 படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல மேடு விட்டு வெட்டியவை. இருப்பதில் பெரிய படுக்கையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஒரு செய்தி: எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த காவுடி ஈதனுக்குச் சிறுபோசில் இளையர் செய்தது இது. ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டு. எருமை நாடு இன்றைய மைசூர்ப் பக்கம். எங்கிருந்தோ வந்த துறவிக்கு இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

இளையர் காசு கொடுத்தவர், வெட்டியது வேறு கை என்று வாதிடலாம். எனக்கு அவர் உளி பிடித்தவராகவே படுகிறது. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கினால்தான் மறுபடி வேலைக்கு ஆகும். ஆக, ஒரு படுக்கைக்குப் பின்னால் கல்தச்சர் மட்டுமல்ல, கொல்லரும் உலையும் கரியும் உண்டு. துறவிக்கும் வேலை செய்தவருக்கும் ஒரே வரியில் இடம் கொடுத்த காலம் அது என்று நினைக்க ஆசை.

கீழே இறங்கினால், அந்த ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோவில். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது என்றே நெடுநாள் எழுதினார்கள். 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சியில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்தார், முகமண்டபம் எடுத்தார். அதைப் பாட்டாகவே பொறித்து வைத்தார்கள். அரசர் அல்ல, ஓர் ஆசிரியர். முன்நின்று பொதுவேலை முடிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

ஆனால் அந்தப் பாட்டில் ஓவியர்கள் இல்லை. விதானத்துத் தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும், பூப்பறிக்கும் மூவரும். 1930-களின் கடைசியில் இவற்றை ஆராய்ந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன், சாந்துப் பூச்சு சுமார் 2.5 மி.மீ. கனம் என்று கண்டார். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு மரக்கரி, சிவப்புக்குக் காவி. வண்ணத்தின் பூர்வீகம் வரை தெரிகிறது, தீட்டியவர் பெயர்தான் கிடையாது. இளங்கௌதமன் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அவர் எடுத்த முகமண்டபமும் நிலைக்கவில்லை. இன்று கோவிலின் முன்னால் நிற்கும் தூண்கள், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாமின் யோசனைப்படி குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை.

அடுத்த வாரம் நார்த்தாமலை. மழையில் பழுதான கோவிலை எடுத்துக் கட்டிய மல்லன் விதுமனைப் பார்ப்போம்.

(தொடரும்)