தினம் ஒரு சிறு பந்தி

வெள்ளவத்தையிலே காலி வீதியை விட்டுக் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து செல்பவர்கள், மதில்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைக் கண்டிருப்பார்கள். மூன்று மாதத்தில் ஆங்கிலம் பேசலாம் என்கிறது ஒன்று. நாற்பது நாளே போதும் என்கிறது மற்றொன்று. கொட்டாஞ்சேனையிலே ஜம்பட்டா வீதிப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். பேசக் கற்றுத்தருவதற்கு இத்தனை பேர் இருக்க, வாசிக்கக் கற்றுத்தருகிறோம் என்று முன்வருவாரை நாம் காணோம். எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டால் வாசிப்புத் தானே வந்துவிடும் என்பது பொதுவான எண்ணம் போலும்.

அது தானே வருவதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை ஒருவனை அழைத்து, ஆங்கிலப் பந்தி ஒன்றை உரத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் தங்குதடையின்றி வாசிப்பான். பெற்றோர் மனமும் குளிரும். முடித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன சொல்லியிருக்கு, தம்பி?" என்று கேளுங்கள். கூரையைப் பார்ப்பான். வாய் வாசித்தது, மனம் வாசிக்கவில்லை.

இது பரீட்சைப் புள்ளி பற்றிய விஷயம் மாத்திரமன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஆங்கிலம் அரச கருமமொழி என்ற ஸ்தானத்தை இழந்தது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் அதை இணைப்பு மொழி என்று குறித்தது. ஏட்டிலே நிலைமை எவ்வாறிருப்பினும், கடன் பத்திரங்களும் வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களும் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்களும் ஆங்கிலத்திலேயே நம் கைக்கு வருவது இன்றும் சாதாரணம். உறவினருக்காகப் பிணை நிற்பவர், கடன்பட்டவர் கட்டத் தவறினால் முழுத் தொகைக்கும் தாமே பொறுப்பு என்ற வாசகத்தின் கீழே புன்னகையோடு கையொப்பமிடுகிறார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரையை, வயது வந்தவர்கள் 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் எடுக்கலாகாது. அந்த எச்சரிக்கையில் வரும் 'நொட் மோர் தன்' என்னும் மூன்று சிறு சொற்களில் முதலாவதைக் கண் தவறவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

பேச்சுக்கு முன் வாசிப்பு என்று நாம் சொல்வது புதுமையன்று. வங்காளத்திலே டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராயிருந்த மைக்கல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், 1926இல் வெளிவந்த தமது நூலிலே இதைத்தான் வற்புறுத்தினார். அவர் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை இடையிலே நிறுத்திவிடுகிறவர்கள். ஆயுட் காப்புறுதியை இடையிலே முறிப்பவருக்கும் ஏதோ ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறதல்லவா? அதுபோல, அரைகுறையாகக் கற்ற ஆங்கிலத்திலும் பிள்ளையின் கையில் எஞ்சுவது எது என்று அவர் கேட்டார். பேசுவதற்கு ஆளில்லாத கிராமத்திலே பேச்சு மறந்துபோகும். வாசிக்கும் திறன் ஓரளவு வந்துவிட்டால், அது பிள்ளையோடு கூடவே இருந்து வளரும் என்பது அவர் முடிவு. பாடப் புத்தகங்கள் ஒரே பக்கத்திலே புதுச் சொற்களைக் கொட்டிக் குவித்துப் பிள்ளையைத் திணறடிப்பதையும் அவர் கண்டித்தார். ஏறக்குறைய ஐம்பது சொற்களுக்கு ஒன்று என்ற அளவிலே புதுச் சொல் வரும்படி தாமே வாசிப்பு நூல்களை எழுதினார்.

நமது நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1841ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய 'உதயதாரகை' தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பத்திரிகையில் அச்சிட்டு வந்தது. இரு மொழியும் கண்முன்னே கிடக்க, ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதற்குப் போகும் வசதி அன்றைய வாசகருக்கு இருந்தது. இன்று கொழும்பிலே பஸ் வண்டியின் பெயர்ப் பலகையும் மின்சாரப் பட்டியலும் அந்த வேலையைச் செய்கின்றன. நாம்தான் அவற்றைப் பாடமாக எண்ணுவதில்லை.

இனி, பந்தியைத் தெரிவு செய்வது எப்படி என்று பார்ப்போம். நூறு சொல்லிலிருந்து நூற்றைம்பது சொல் வரை இருந்தாற் போதும். பிள்ளை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, தெரியாத சொற்களின் கீழே கோடிடட்டும். நூறு சொல்லில் இரண்டு மூன்று கோடு விழுந்தால் அது நல்ல பந்தி. ஐந்து விழுந்தால் பக்கத்திலே ஒருவர் இருந்து உதவ வேண்டும். பத்து விழுந்தால் மூடி வைத்துவிடுங்கள். அது அடுத்த வருஷத்துப் பந்தி. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுச் சொல்வதும் இதுவே. துணையின்றி வாசித்து விளங்குவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வெஸ்டின் ஐம்பதுக்கு ஒன்று என்பதும் அதே கணக்கல்லவா?

பந்திகள் பல விஷயம் பற்றியனவாக இருக்க வேண்டும் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். வானிலை அறிக்கையின் சொற்கள் வேறு, நீதிமன்றச் செய்தியின் சொற்கள் வேறு, கேக் செய்யும் முறையின் சொற்கள் வேறு. கதை மாத்திரமே வாசித்த பிள்ளை, ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கண்டதும் விழிப்பான். ஆனால் இவ்விடத்திலே நமக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கடைகளில் விற்கும் பயிற்சிப் புத்தகங்களில் இன்று திமிங்கிலம், நாளை எகிப்தியப் பிரமிட், மறுநாள் பற்சுகாதாரம் என்று தாவுகிறார்கள். திமிங்கிலத்தோடு வந்த சொல் மறுபடி வருவதேயில்லை. ஒருமுறை கண்ட முகம் போல மறந்துபோகிறது. ஒரே விஷயம் பற்றி மூன்று பந்தியாவது அடுத்தடுத்து வாசித்த பிறகே வேறு விஷயத்துக்குப் போவது நல்லது. மூன்றாம் பந்தியிலே, முதல் நாள் கோடிட்ட சொல் கோடின்றி நிற்பதைப் பிள்ளையே காண்பான். அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடிய பரிசு எதுவுமில்லை.

வாசிக்கும்போது கண் எப்படி நடந்துகொள்கிறது என்பது சுவையான விஷயம். நம் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகவே நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தத்தித் தத்திப் பாய்கிறது என்று 1879ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கண் வைத்தியரான எமில் ஜவால் எடுத்துக் காட்டினார். ஒரு பாய்ச்சலுக்கு ஏழெட்டு எழுத்து. பாய்ந்த இடத்திலே ஏறத்தாழக் கால் விநாடி தரிப்பு. பழகாதவரின் கண் குறுகக் குறுகப் பாய்கிறது, நெடுநேரம் நிற்கிறது, அடிக்கடி பின்னோக்கித் திரும்புகிறது. ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுக்கொண்டு போகும் வழக்கம் ஆரம்ப வகுப்புக்குச் சரி. பெரிய வகுப்பிலும் அது நீடித்தால் கண்ணுக்கு விலங்கு பூட்டியது போலாகும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் மௌனமாக வாசிக்கும் வேகம் நிமிஷத்துக்குச் சராசரி 240 சொல் அளவில் இருக்கிறது. நம் பிள்ளை நூறு சொல்லை ஒரு நிமிஷத்தில் விளங்கி வாசித்தால் அவனை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு வேறொரு தடையும் உண்டு. அதைப் பல ஆசிரியர்கள் எடுத்துச் சொல்வதில்லை. "நேற்று மழையில் நனைந்து வந்த பையன்" என்று நாம் சொல்லும்போது பையன் கடைசியிலே வருகிறான். அவனைப் பற்றிய விவரமெல்லாம் அவனுக்கு முன்னே வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலே பையன் முதலில் வந்து நின்றுகொள்ள, மழையும் நேற்றும் அவன் பின்னாலே வால் போல நீளும். வினைச்சொல்லும் அப்படியே: நாம் வாக்கியத்தின் கடைசியிலே எதிர்பார்ப்பதை ஆங்கிலம் நடுவிலே வைத்துவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே நம் பிள்ளைகள் வாக்கியத்தின் முடிவுக்கு ஓடி, அங்கிருந்து பின்னோக்கித் தமிழாக்கிக்கொண்டு வருகிறார்கள். நாலு சொல் வாக்கியத்துக்கு இது ஒத்துவரும். முப்பது சொல் வாக்கியத்திலே வழி தவறிவிடும். நீண்ட வாக்கியம் வந்தால் முதலில் 'யார்?' என்றும், அடுத்து 'என்ன செய்தார்?' என்றும் இரண்டே கேள்வி கேட்டு, அவ்விரு சொற்களையும் வட்டமிடப் பழக்குங்கள். மற்றவை தாமாகவே அவற்றைச் சுற்றி அமரும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். நீர்வெட்டு அறிவித்தல் ஒன்று ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு எட்டு மணியிலிருந்து ஞாயிறு காலை ஆறு மணி வரை கொழும்பு 6இலும் 13இலும் நீர் வராது. இன்ன ஒரு வீதிக்கு மட்டும் குறைந்த அமுக்கத்தில் வரும். "நீர் எப்போது நிற்கும்?" என்ற கேள்விக்கு, இலக்கத்தைக் கண்டுபிடித்து எந்தப் பிள்ளையும் விடை சொல்லிவிடும். "நம் வீட்டிலே எத்தனை வாளி நிரப்பி வைக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு 'அன்டில்' என்பதும் 'எக்ஸெப்ட்' என்பதும் விளங்கியிருக்க வேண்டும். நம் வீதி எதிலே சேரும் என்று தெரிய வேண்டும். மணிக்கணக்கையும் கூட்ட வேண்டும். பெரிய சொற்களைப் பார்த்தே நாம் பயப்படுகிறோம். ஆளைக் கவிழ்ப்பவை இத்தகைய சின்னச் சொற்களே.

நாமறிந்த ஒரு வீட்டிலே இந்தப் பழக்கம் சில காலமாக நடந்துவருகிறது. வெள்ளவத்தை மாடிவீடொன்றிலே, ஓய்வுபெற்ற எழுதுவினைஞரான அப்பப்பாவும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் இராச் சாப்பாட்டுக்குப் பின் எதிரெதிராக அமர்வார்கள். அவர் கந்தோர் ஆங்கிலத்திலே வளர்ந்தவர். ஆரம்பத்தில் ஒவ்வொரு உச்சரிப்பையும் திருத்தினாராம். பிள்ளை நாலாம் நாளே தலைவலி என்று படுத்துவிட்டது. "மாமா, அவள் வாசிக்கட்டும், நீங்கள் கதையை மட்டும் கேளுங்கோ" என்று மருமகள் சொல்லிப் பார்த்தார். அதன்பின் முறை மாறியது. பேத்தி மௌனமாக இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்து, விஷயத்தைத் தமிழிலே சொல்வாள். அப்பப்பா அதைக் கேட்டபின் தாளைப் பார்த்து, விடுபட்டது எது, கூட்டிச் சொன்னது எது என்று சொல்வார். அகராதி திறப்பது அதற்குப் பிறகுதான். அதுவும் இரண்டு சொல்லுக்கு மேல் இல்லை. ஒருநாள் தாத்தாவே ஒரு வரியைத் தவறாக விளங்கியிருந்ததைப் பேத்தி பிடித்துவிட்டாளாம். அன்றிலிருந்து அவள் தலைவலி நீங்கிற்று.

தமிழில் சொல்ல விடுவது தவறென்று சிலர் சொல்லக்கூடும். விளங்கியதா என்று அறிவதற்குத் தாய்மொழியைப் போல நேர்மையான தராசு வேறில்லை என்பது நம் அபிப்பிராயம். பந்தியிலுள்ள சொற்களையே திருப்பி அடுக்கி ஆங்கிலத்தில் விடை எழுதுவது, விளங்காமலே செய்யக்கூடிய காரியம்.

பந்திகளுக்குப் பஞ்சமில்லை. 1918இலே தொடங்கிய 'டெய்லி நியூஸ்' போன்ற தினசரியின் ஓர் இதழைக் கத்தரித்தால் ஒரு வாரத்துக்குக் காணும். விஹாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்புப் பொது நூலகம் 1925ஆம் ஆண்டிலே அமைந்தது. வெள்ளவத்தையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. சிறு பிள்ளைகளுக்குப் பத்திரிகையைவிடப் படக்கதைகளே உகந்தவை. 1980ஐ ஒட்டிப் பீஜித் தீவின் கிராமப் பாடசாலைகளில், வகுப்புக்கு 250 அளவில் ஆங்கிலப் படக்கதை நூல்களைக் கொடுத்து வாசிக்க விட்டார்கள். வழக்கமான பாடத்தையே படித்த வகுப்புகளைவிட அந்தப் பிள்ளைகள் வாசிப்பிலே ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். 1990களின் நடுவிலே நமது நாட்டுச் சிறு பாடசாலைகள் சிலவற்றிலும் இத்தகைய முயற்சி நடந்து நற்பலன் கண்டது. கையிலே புத்தகம் இருந்தது; அதற்கு மேல் அதிசயம் ஒன்றுமில்லை.

இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள், பெரியவர்களுடையதையுந்தான். திங்கள் முதல் புதன் வரை ஒரே விஷயம், வியாழனும் வெள்ளியும் வேறொன்று, சனிக்கிழமை வீட்டுக்கு வந்த கடிதமோ பட்டியலோ மருந்துத் தாளோ. ஞாயிற்றுக்கிழமைப் பந்தியைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். பெரும்பாலும் அது கிரிக்கெட்டாகவே இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.