நடு டிஃபரன்ஷியலுக்கு ஏன் தனி சுவிட்ச்?

டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80-இன் பெரும்பாலான வகைகளில் இன்ஜின் விசை எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் போகும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது நடு டிஃபரன்ஷியல். ஆனால் சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால், விசையின் பெரும்பகுதி அங்கேயே வீணாகிவிடும். டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் முன், பின் அச்சுகளுக்கான தண்டுகள் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும்.

அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் லோ கியர் போட்டால்தான் இந்தப் பூட்டு விழும். லோ கியரில் வேகம் வராது; மணலுக்கோ வேகம் வேண்டும்! அதனால்தான் பலர் தனி சுவிட்ச் போடுகிறார்கள். பெரிய வேலையில்லை: டாஷ்போர்டின் வெற்று மூடியைக் கழற்றினால், அதற்கான பிளக் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். சுவிட்சைத் தட்டினால், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலுள்ள சின்ன மோட்டார் பூட்டைத் தள்ளும்.

காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் பூட்டாதீர்கள். திருப்பத்தில் டயர் தேயும், பல்சக்கரங்கள் முறுக்கேறும். பூட்டியிருக்கும்போது பிரேக்கின் ஏ.பி.எஸ். வசதியும் வேலை செய்யாது.