பாயசம் குறைந்த பந்தி

பந்தியில் பத்துப் பேர். அண்டாவில் பாயசமோ ஒன்பது பேருக்குத்தான் இருக்கிறது. ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஊற்றினால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் வீட்டுக்காரர், "பெரியவர்கள் அஞ்சு பேருக்குச் சொட்டுகூடக் குறையக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். கரண்டி பிடித்தவர் என்ன செய்வார்? மிச்சமுள்ள ஐந்து இலைகளுக்கு நான்கு பேர் பாயசத்தைப் பங்கு வைப்பார். அண்டாவில் குறைந்தது 10 சதவீதம். இந்த ஐந்து இலைகளில் குறைந்தது 20.

2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடந்தது இந்தக் கணக்குதான்.

அங்கே 'கவுன்சில் வரி' என்று ஒன்று உண்டு. நம் ஊர் வீட்டு வரி உரிமையாளர் பாடு. இதுவோ வாடகைக்குக் குடியிருப்பவரும் கட்ட வேண்டியது. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு அதுவரை நாடு முழுக்க ஒரே விதி, முழுத் தள்ளுபடி வரை கிடைக்கும். 2012-இன் நலச் சீர்திருத்தச் சட்டம் அதை ஒழித்தது. இனி தள்ளுபடியை அந்தந்த ஊர் கவுன்சிலே வகுத்துக்கொள்ளலாம். அதற்கு மத்திய அரசு தரும் பணத்தில் 10 சதவீதம் வெட்டு. ஓய்வூதிய வயதினர் மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. உள்ளூருக்கு அதிகாரம் என்று பெருமையாகச் சொன்னார்கள். கொடுத்தது கரண்டியைத்தான்.

தள்ளுபடித் தொகையில் பாதி முதியவர்களுக்குப் போகும் ஊரில், மற்றவர்களுக்கு வெட்டு 20 சதவீதம். முதியவர் பங்கு 60 ஆனால் அதுவே 25. சட்டத்தில் எழுதாத இந்த எண்களை, ஊரில் எத்தனை நரைத்த தலைகள் என்பதே தீர்மானித்தது. டர்ஹம் போன்ற சில கவுன்சில்கள் வேறு செலவைச் சுருக்கித் தள்ளுபடியைக் குறைக்காமல் காத்தன. ஸ்காட்லாந்து, வேல்ஸ் அரசுகளும் பள்ளத்தைத் தாங்களே நிரப்பின.

மற்ற இடங்களில்? வேலை தேடும் தனி ஆள் ஒருவர். வயது 25-க்கு மேல். அவருக்கு அப்போது உதவித்தொகை வாரம் 71.70 பவுண்டு. அவரது கவுன்சில் வரி ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதம் 200. வாரம் நாலு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு தவணை தவறினால் நினைவூட்டுக் கடிதம். அதற்கும் கட்டாவிட்டால் ஆண்டு பாக்கி முழுவதையும் ஒரே தடவையில் கேட்கலாம். அடுத்தது நீதிமன்ற ஆணை. அதன் செலவும் கடன்காரர் தலையில். பிறகு, நம் ஊர் அமீனா மாதிரி ஒருவரிடம் கோப்பு போகும். 2014 விதிகளின்படி கோப்பு அவர் கைக்குப் போனாலே 75 பவுண்டு, வாசலுக்கு வந்தால் இன்னும் 235. நீதிமன்றச் செலவைச் சேர்க்காமலே 200 பவுண்டு பாக்கி 510 ஆகிவிடும்! கவுன்சிலுக்கும் இதில் லாபம் இல்லை. இல்லாதவரிடம் சில்லறை வசூலிக்கக் கடிதம், ஆள், நேரம் எல்லாம் வேண்டும். 1990-இல் பிரதமர் தாட்சர் இங்கிலாந்தில் கொண்டுவந்த தலைவரியிலும் பரம ஏழைகூட 20 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்து அந்த வரியே கைவிடப்பட்டது.

லண்டனின் ஹாரிங்கே கவுன்சில் மக்களிடம் கருத்துக் கேட்டது. வெட்டை ஏழைகள் தலையில் இறக்குவதைத் தவிர வழியே இல்லை என்ற தொனியில் இருந்தது படிவம். வரியை உயர்த்தலாம், சேமிப்பை எடுக்கலாம், வேறு செலவைக் குறைக்கலாம் என்ற பேச்சே இல்லை. அந்தக் கருத்துக்கேட்பு சட்டப்படி செல்லாது என்று 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் திட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை.

கவுன்சில் வரியை வேண்டுமென்றே கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருந்தது. 2019 ஏப்ரலில் வேல்ஸ் அதை நீக்கியது. இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை என்ற விதியை அப்போது யாரும் தொடவில்லை.