முற்றத்தில் நிற்கும் மழைநீர்

மழை பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்து ஏங்குகிறோம். பெய்துவிட்டாலோ வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைப் பார்த்து வருந்துகிறோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழ்நாட்டின் கடற்கரை மாவட்டங்களில் இக்காட்சியைத் தெருத்தோறும் காணலாம். தேங்கும் நீரை உடனே வெளியேற்றத்தான் எல்லாரும் முற்படுகின்றனர். அந்நீர் எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது என்று ஆராய்வோர் சிலரே. நோய் அறியாமல் மருந்து கொடுத்தல் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு காரணம் அறியாமல் கால்வாய் வெட்டுதலும். ஆதலால் இப்பேச்சில் காரணம் அறியும் வழியையே முதலில் கூற விரும்புகிறேன்.

வீட்டிலிருந்து நீர் வெளியேறும் வழியைப் பற்றி நம் முன்னோர் நன்கு சிந்தித்தவர்கள். அங்கணம் என்னும் சொல்லை வள்ளுவரே ஆண்டிருக்கிறார். கீழடியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகளில் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. நடுமுற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் நான்கு தாழ்வாரங்களின் நீரும் ஓரிடத்தில் கூடிச் சலதாரை வழியாக வெளியே செல்லும். இன்று மனை சுருங்கிவிட்டது. சுற்றுச்சுவர் நான்கு பக்கமும் எழுந்துவிட்டது. மண்தரை சிமெண்டுத் தரையாகிவிட்டது. நீர் ஊறவும் இடமில்லை, ஓடவும் வழியில்லை.

மழை நின்று இரண்டு நாளாகியும் நீர் வற்றாத இடம் எதுவோ, அது குறையுள்ள இடம். வெப்பமான நாளில் கொசுவின் முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். ஆகவே நின்ற நீரை அலட்சியம் செய்தலாகாது. நீர் மறைந்த பின்னும் அடையாளங்கள் மறைவதில்லை. சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தல், சுண்ணாம்புப் பூச்சு உதிர்தல், வடபுறத்தில் பாசி படிதல் ஆகியவை கடைக்கால் ஓரத்தில் ஈரம் தங்குவதைக் காட்டும். கொல்லையில் பப்பாளி இருந்தால் அதுவே முதற் சாட்சி. வேரில் நீர் தேங்கினால் அதன் அடித்தண்டு அழுகி மரம் சாய்ந்துவிடும்.

சித்திரை வெயிலிலும் ஓரிடம் ஈரமாகவே இருக்குமானால் குற்றம் மழையினுடையது அன்று. குழாய் கசிகிறது, அல்லது கழிவுநீர்த் தொட்டி நிரம்பி ஊறுகிறது என்று கொள்ளுங்கள். ஓரிரவு குழாய்கள் அனைத்தையும் மூடி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உண்டென்பது உறுதி.

மழையே காரணமானால், அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நிபுணர் ஒருவரை அழைப்பதைவிட இக்கால்மணி நேரம் பயனுடையது என்பது என் அனுபவம். மாடிக் குழாய் எங்கே நீரைக் கொட்டுகிறது, தெருநீர் உள்ளே வருகிறதா, அண்டை மனையிலிருந்து இறங்குகிறதா என்பவை அப்போதே விளங்கிவிடும்.

பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி மாடிக் குழாயே. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் நீர் இறங்கும். முந்நூறு குடத்திற்குக் குறையாத அந்நீர், குழாயின் வாய் சுவரோரத்தில் இருந்தால், கடைக்காலின் அருகிலேயே கொட்டுகிறது. குழாயை நீட்டி அந்நீரைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ கொண்டுசெல்வதே முதல் வேலை. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அமைத்த குழிகள் பல பின்னர் தூர்ந்துபோயின. உங்கள் வீட்டுக் குழியைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது தரையின் சரிவு. மண்தரையானால் சுவரிலிருந்து பத்தடி தூரத்திற்குள் அரையடி இறங்க வேண்டும். சிமெண்டுத் தரைக்கு அதே தூரத்தில் இரண்டரை அங்குலம் போதும். தெளிந்த ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளின் மட்டத்தை ஒப்பிட்டுக் கொத்தனார் இதனை எளிதில் அளந்துவிடுவார்.

மூன்றாவது மண்ணின் இயல்பு. ஒரு முழ ஆழத்தில் சிறு குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மீண்டும் நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்கள். ஓர் அங்குலத்திற்குமேல் நீர் இறங்கினால் அம்மண்ணில் ஊறுகுழி பயன்படும். திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் நீர் விரைவாக இறங்கும். அரை அங்குலமும் இறங்காவிட்டால் அது களிமண். அங்கே குழி வெட்டுவது குளம் வெட்டுவதாகவே முடியும். மழைக்காலத்தில் கிணற்று நீர் தரையை எட்டிப்பார்க்கும் இடங்களிலும் ஊறுகுழி உதவாது.

ஊறுகுழியின் அளவைப் பற்றியும் மயக்கம் வேண்டா. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள குழியில் செங்கற் சல்லி நிரப்பினால், இடைவெளிகளில் ஏறத்தாழ 425 லிட்டர் நீரே நிற்கும். முன்பு கூறிய 4,600 லிட்டரோடு இதனை ஒப்பிட்டால், ஒரு குழி முழு மாடிக்கும் போதாது என்பது தெளிவாகும். குழியைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி அமைக்க வேண்டும்; கழிவுநீர்த் தொட்டியின் அருகில் கூடவே கூடாது.

இக்காலத்தில் மற்றொரு துன்பமும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துவிடுகிறது. இதைக் கண்டு பலர் முற்றம் முழுவதும் மண் கொட்டி மேடாக்குகின்றனர். வீட்டுத் தரைமட்டத்திற்கு அரையடி கீழேயாவது முற்றம் இருக்க வேண்டும். அதற்குமேல் மண்ணேறினால் ஓதம் சுவரில் ஏறி வீட்டுக்குள்ளேயே குடிபுகும். வாயிலில் உயர்ந்த வரம்பு கட்டித் தெருநீரைத் தடுப்பதும், முற்றத்தின் தாழ்ந்த மூலையில் சிறு தொட்டி அமைத்து, அதில் சேரும் நீரைப் பம்பு வைத்துத் தெருவிலுள்ள மழைநீர்க் கால்வாய்க்கு இறைப்பதும் இவ்விடத்தில் தக்க வழிகள்.

இரண்டு செயல்களை மட்டும் செய்யாதிருக்க வேண்டுகிறேன். மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் திருப்பாதீர்கள். கழிவுநீரின் அளவுக்கென அமைத்த குழாய், மழை வெள்ளத்தைத் தாங்காது. தாழ்ந்த வீட்டின் குளியலறையில் அது எதிர்த்து வரும். அவ்வாறே அண்டை வீட்டை நோக்கி நீரைத் தள்ளாதீர்கள். ஒருவர் மனையை ஓரடி உயர்த்த, அடுத்தவர் ஒன்றரையடி உயர்த்த, ஏழையின் வீடு பள்ளமாகிவிடுவதைப் பல தெருக்களில் கண்டிருக்கிறேன். தெருவார் ஒன்றுகூடிப் பொதுக் கால்வாயைத் தூர்வாரச் செய்தால், தனித்தனியே செலவிடும் பணத்தில் பாதி மிஞ்சும்.

இவற்றுக்கெல்லாம் ஏற்ற காலம் ஆடி, ஆவணி மாதங்கள். மழைக்குக் காத்திராமல், ஒரு குடம் நீரைச் சுவரோரத்தில் கவிழ்த்து அது போகும் திசையைப் பாருங்கள். வீட்டைவிட்டு விலகிச் சென்றால் நிம்மதி கொள்ளலாம். வீட்டை நோக்கித் திரும்பினால், ஐப்பசி பிறக்குமுன் மண்வெட்டியை எடுங்கள்.